பல்லேகமவில் கொடுத்த மிஸ்கோல்

போன சனிக்கிழமை பல்லேகமவுக்குப் போனேன். வழியிலுள்ள றிவஸ்டன் மலைப் பனியைப் பார்க்க அல்ல. கொரோனா ஊரடங்கில் நான் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோது எங்கள் பகுதி மிட்வைஃபாக இருந்த சரோஜா மிஸ் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஐந்து வருடமாகச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

உக்குவளையில் 5.20க்கு வீட்டை விட்டு இறங்கி, மாத்தளையில் 6.10 பஸ்ஸைப் பிடித்தேன். சுமார் அறுபது கிலோமீற்றர், மூன்று மணிநேரம், டிக்கெட் 320 ரூபா. ரத்தோட்டை தாண்டினால் வளைவுகள்தான். வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் யன்னலோரம் உட்காருவது எல்லாருக்கும் நல்லது. பக்கத்துப் பெண்ணின் கைக்குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தது. அது விட்ட பிறகும் கையை மடக்க மனம் வரவில்லை.

அந்தக் கொரோனா நாட்களில் என் கணவர் பல்லேகமவில் ஆசிரியர், அங்கேதான் குடியிருந்தோம். ஊரடங்கில் மிஸ்ஸால் வீடு வீடாக வர முடியவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு: பகலுக்குள் பிள்ளை பத்துத் தடவை அசைந்தால் அவருக்கு ஒரு மிஸ்கோல். மிஸ்கோல் வராவிட்டால் ஊரடங்கு பாஸோடு ஆட்டோவில் வந்துவிடுவார். எட்டாம் மாதத்தில் ஒருநாள் நான்குக்கு மேல் எண்ண முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றும், தனியே வைத்துவிடுவார்கள் என்று பயம். நாளைக்கு அசையும் என்று மிஸ்கோல் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒன்றுமே இல்லை. உயிரில்லாமல் பிறந்தாள், மகள்.

மிஸ் வீட்டில் பிளேன்டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எண்ணினது பிழைன்னு நெனச்சேன் பிள்ள. நான்தான் சரியாச் சொல்லித் தரலன்னு."

"இவ்வளவு வருசமாவா மிஸ்?"

"அதுக்குப் பொறகு யார்கிட்டயும் மிஸ்கோல் கேக்கல. கோல் எடுத்து, கூடவே இருந்து எண்ணினேன்."

என் பொய்யை அவர் தன் பிழையாகச் சுமந்திருக்கிறார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு டீ ஊற்றப் போனார்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் 2.30க்கு. றிவஸ்டனில் காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்து, அசைவு குறைந்தால், எந்த நோய்க்காலமானாலும் நாளை வரை பொறுக்காதீர்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட், 160 ரூபா. கொண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.