என் கையெழுத்தில் போன கட்டுரை

என் தம்பி கௌஸ் பாஷா 1953இல் சூளகிரியில் பிறந்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினான். மூன்று நாவல்கள் எழுதினான். சென்னையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பெரிய எழுத்தாளர்கள் அவனுக்குக் கடிதம் போடுவார்கள். நவீன நாவல் என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர்களைச் சேர்த்தே சொல்வார்கள். ஒன்று அவன். மற்றவர் அழகர்சாமி.

அழகர்சாமி மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருவர் எழுத்தும் கிறுக்கல். எட்டாவது வரை படித்த நான்தான் இருவருக்கும் அச்சுக்குப் போகும் பிரதியை எழுதிக் கொடுத்தேன். ஓர் அடித்தல் விழுந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

1987இல் அழகர்சாமியின் நாவல் கன்னடத்தில் மொழிபெயர்ப்பாகி வந்தது. பெங்களூர்ப் பத்திரிகையில் அவர் படம் போட்டார்கள்.

“கன்னடத்துக்காரரு ஆயிட்டாரு. இனிமே நம்மகூட டீ குடிப்பாரா?” என்றான் கௌஸ்.

“நீ வாங்கிக் குடுத்துப் பாரு, வேணாம்னா சொல்லப்போறாரு?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த மாதமே ஒரு கட்டுரையைக் கொடுத்தான். அழகர்சாமியின் நாவல் ஒரு கன்னட நாவலைப் பார்த்து எழுதியது என்று அதில் இருந்தது. அது பொய். அவர் அடித்த வரி, திருத்திய வரி எல்லாம் பார்த்தவள் நான். ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பக்கம், ஓர் அடித்தல் இல்லை. கீழே வேறு பெயர் போட்டு ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினான். பெயரை மாற்றத் தோன்றிய அவனுக்கும் சரி, எனக்கும் சரி, கையெழுத்து நினைவுக்கு வரவில்லை.

பதிலையும் சேர்த்தே போடலாம் என்று ஆசிரியர் அந்தத் தாள்களை அப்படியே அழகர்சாமிக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அழகர்சாமி அவற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, நீங்க சொன்னாப் போதும். நான் திருடுனேனா?”

“அக்காவ ஏம்ப்பா கேக்கற? எங்கிட்ட பேசு” என்றான் கௌஸ்.

“ஓங்கிட்ட என்னத்தப் பேச? ஒம் பேருதான் இதுல இல்லையே.”

கௌஸ் என்னைப் பார்த்தான்.

“இல்ல. திருடல” என்றேன்.

அழகர்சாமி தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கௌஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எனக்கு அழுகை வரவில்லை. உலை வைத்தேன்.

கட்டுரை அச்சாகவில்லை. அழகர்சாமி பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கௌஸ் அதற்குப் பின் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்தான். என்னைத் திட்டவுமில்லை. மூன்றாவது நாவலைக் கிருஷ்ணகிரியில் டைப் அடிக்கக் கொடுத்தான். பக்கத்துக்கு நான்கு பிழை. ஆனால் அவன் எழுதியதில் அதுதான் சிறந்தது.