ஊர் சுற்றும் முட்டுச் சிரட்டை

சுப்ரியாவின் வலது முழங்கால் சில்லு ஓரிடத்தில் நிற்காது. கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி இருப்பதால் வலியசாலை அக்ரகாரத்தில் அதற்கு முட்டுச் சிரட்டை என்று பெயர். பள்ளியில் த்ரோபால் ஆடும்போது சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை; சிரட்டை வெளிப்பக்கமாக நழுவி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் காலை மெல்ல நீட்டி அதை உள்ளே தள்ளினார்கள், பட்டை போட்டார்கள், தொடைக்குப் பலம் வரப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வலி போனதோடு பயிற்சியும் போயிற்று.

அதன்பின் சிரட்டை நினைத்தபோதெல்லாம் வெளியே போய் வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் அம்மா விஜயம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். போனது காலின் குற்றம், வந்தது பிள்ளையாரின் அருள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலக்காலை நீட்டி முதலில் ஊன்றுவது, யாராவது கூப்பிட்டால் பாதத்தோடு முழு உடம்பையும் திருப்புவது எல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஆபீசில் அந்தத் திரும்பலை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஆபீஸ் மாடிப்படியில் நழுவியது தானாகத் திரும்பவில்லை; மறுபடி ஆஸ்பத்திரியில்தான் உள்ளே தள்ளினார்கள். டாக்டர் அஜிதா ஸ்கேனைப் பார்த்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்.

"மோளே, சிரட்டை ஓடுற சால் உனக்குப் பிறவியிலேயே ஆழம் கொறவு. உள்பக்கம் பிடிச்சு வைக்கிற நாரும் கிழிஞ்சு தொளதொளன்னு ஆயாச்சு. இனி பயிற்சி மட்டும் போதாது. தொடைக்குப் பின்னாலேர்ந்து தசைநாண் எடுத்துக் கட்டணும். வீட்டில வேற ஆருக்காவது இது உண்டோ?"

"இல்லை" என்றாள் விஜயம், முந்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "திரும்பி வர்ற காலை எதுக்குடி அறுக்கணும்? கால் சரியானா நீ ஏத்தம் போடறதா வேண்டிண்டிருக்கேன். அதை முடிக்காம கத்தி வெச்சா நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன்."

ஏத்தம் என்றால் தோப்புக்கரணம்.

"கால் சரியாகாம எப்படிம்மா ஏத்தம் போடறது?"

"அதைப் பிள்ளையார்ட்ட கேளு."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அம்மா வாசலில் இல்லாமல் சுப்ரியாவால் மேஜையில் படுக்க முடியாது. அது அம்மாவுக்கும் தெரியும், அதுதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் பழவங்காடிக்குப் போனார்கள். சுப்ரியா காதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மடங்கினாள். பாதியிலேயே முழங்கால் நடுங்கியது. விஜயத்துக்குப் பொறுக்கவில்லை.

"நீ நில்லு. உனக்குப் பதிலா நான் போடறேன்."

உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி எழும்போது முகம் உறைந்தது. சுவரில் சாய்ந்து வலக்காலை நீட்டினாள். புடவைக்கு மேலாக உள்ளங்கையை வைத்து, கொசுவம் சரிசெய்கிறவளைப் போல, வெளியிலிருந்து உள்ளே ஒரு தள்ளு. பிறகு அர்ச்சனைத் தட்டிலிருந்த தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"எது?"

"சிரட்டை."

"அது எப்பவும் உள்ளதுதானே."

"டாக்டர் கேட்டப்போ இல்லைன்னியே."

"அவ வியாதியைன்னா கேட்டா? இது நான் பாவாடை கட்டின நாள்லேர்ந்து இருக்கு. அதுபாட்டுக்குப் போகும், வரும்."

கல்யாண வீடுகளில் அம்மா தரையில் உட்காராமல் நின்றபடியே பரிமாறுவாள். அடக்கம் என்று ஊரே மெச்சும். சுப்ரியாவும் மெச்சியிருக்கிறாள்.

ஆட்டோ கிளம்பியதும் விஜயம் கேட்டாள்.

"அறுத்தா வலிக்குமாடி?"

"வலிக்கும். கொஞ்ச நாள் கம்பு ஊனணும். அப்புறம் மாசக்கணக்கா பயிற்சி. இந்தத் தடவை விடக்கூடாது."

"மிச்ச ஏத்தம்?"

"பிள்ளையார் காத்துண்டிருப்பார். அவர் உட்கார்ந்துண்டுதானே இருக்கார்."

விஜயம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். "முதல்ல நீ பண்ணிக்கோ. நான் வாசல்லயே இருக்கேன். எப்படி இருக்குன்னு பார்த்துட்டு..."

முடிக்கவில்லை. ஆட்டோ வலியசாலையில் நின்றது. முதலில் அம்மா வலக்காலை நீட்டி ஊன்றி இறங்கினாள். அவள் நகர்ந்ததும், அதேபோல் வலக்காலை நீட்டி ஊன்றி, மகள்.