படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்

நகரசபையில் நான் ஊரிகம் லைன் வீடுகளின், அதாவது பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின், உறுப்பினராக இருந்தபோது தலைவர் தேர்தல் வந்தது. எங்கள் கட்சி ஒரு தண்ணீர் லாரிக்காரரின் மனைவியை நிறுத்தியது. எதிரே நின்றவர், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா. லைனுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துத் தருகிறேன் என்று அவர் மட்டும்தான் சொன்னார்.

கட்சி நிறுத்தியவருக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று கொறடா உத்தரவு வீடு தேடி வந்தது. கன்னடத்தில் இருந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கூட்டத்தில் நர்ஸ் அக்காவுக்குக் கை தூக்கினேன். ஒரே ஓட்டில் அவர் ஜெயித்தார்.

கட்சி புகார் கொடுத்தது. கட்சித் தாவல் சட்டப்படி என் பதவியைப் பறிக்கலாமா என்று கோலாரில் மாவட்ட ஆட்சியர் முன்னால் விசாரணை. காலையிலேயே பஸ் பிடித்துப் போவேன். அவர் வேறு வேலையாக வெளியே போயிருப்பார். இன்னொரு தேதி தருவார்கள். பெங்களூரில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியில் எத்தனை லீவுதான் கேட்பது? சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

என் வக்கீல் ஒரு வழி சொன்னார். "கன்னடம் படிக்க வராதுன்னு சொல்லிடுங்கம்மா. தமிழ்க்காரங்கதானே, நம்புவாங்க. ஏதோ மீட்டிங் நோட்டீஸ்னு நெனச்சேன்னு சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். அன்று ஆட்சியர் இருந்தார். அந்தக் காகிதத்தை நீட்டி, இதைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஊர். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்த பாஷை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தேதிக்கு வர உடம்பில் தெம்பும் இல்லை.

"படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று கன்னடத்திலேயே சொன்னேன்.

வெளியே வந்ததும் வக்கீல், "இன்னாம்மா, நீங்களே முடிச்சிட்டீங்களே" என்றார்.

"முடியட்டும் சார்" என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன்.

தகுதி நீக்க உத்தரவு வந்தது. பதவிக்காலம் கொஞ்சம்தான் பாக்கி என்று இடைத்தேர்தலும் வைக்கவில்லை. குழாய் பாதி லைன் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

இப்போதும் தெருவிளக்கு எரியவில்லை என்று கதவைத் தட்டுகிறார்கள்.

"நான் இப்ப மெம்பர் இல்லீங்க."

"தெரியும். வேற யார்கிட்ட போறது?"

சில நாள் அவர்களோடு நகரசபைக்குப் போகிறேன். சில நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறேன்.