சோதனைச் சாவடியில் இறுதி ஆட்டம்

மலையடிவாரத்து வனத்துறைச் சாவடியில் அந்நாளில் ஒரு காவலர் இருந்தார். ஒல்லி உடம்பு, அதைவிட இரண்டு மடங்கு பெரிய காக்கிச் சட்டை. சந்தனக்கட்டை ஒளிந்திருக்கிறதா என்று புளி மூட்டைகளைக் குத்திப் பார்க்க ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தார். மலைமேல் நெல்லிவாசல் பள்ளிக்கூட வாத்தியாரான என் துணிப்பையையும் விடமாட்டார். இறங்கும்போது குத்துவார், சரி. ஏறும்போதும் குத்துவார். மலைக்கு யார் சந்தனம் கடத்துவார்கள் என்று கேட்டால், "ரூலுன்னா ரூலு சார்" என்பார்.

பில்லியர்ட்ஸ் மேஜையை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பஸ்ஸில் வரும் பேப்பரில் உலக பில்லியர்ட்ஸ் போட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, சாவடி மேஜையில் மூன்று நெல்லிக்காய்களை உருட்டி, அதே கம்பியால் ஆடிக் காட்டுவார். சிவப்புப் பந்துக்காக ஒன்றுக்குக் குங்குமம் பூசியிருக்கும். வெளியே ஜீப் ஹாரன் அடித்தால், "இருப்பா, செமிபைனலு ஓடுது" என்பார்.

இறுதி ஆட்டத்தின்போது மழையில் பாதை அரித்து இரண்டு நாள் பஸ் வரவில்லை. கணியம்பாடிக்கு நடந்துபோன நான் அங்கே பேப்பர் பார்த்தேன். நம் நாட்டு ஆட்டக்காரர் தோற்றிருந்தார். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

காவலர் குனிந்து குறிபார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் சொல்லாதீங்க சார். நம்மாளுக்கு இன்னும் ஒரு அடிதான்."

நெல்லிக்காய் உருண்டு தரையில் விழுந்தது.

"மேஜ கோணலு. இது கணக்குல வராது."

மூன்றாவது முறை பட்டது. "ஜெய்ச்சிட்டாரு!"

"பேப்பர்ல இன்னா போட்டிருக்குன்னு கேக்கலியா?" என்றேன்.

"அத்த வுடுங்க சார்" என்று தடுப்புக் கழியைத் தூக்கி வழிவிட்டார்.

அத்தனை வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அவர் என் பையைக் குத்தவில்லை.