எல்லம்மா கொல்லையில் திரும்பிய பஸ்

சிறுசேரியில் மகளின் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கிறது. "வரட்டும், வரட்டும்" என்று செக்யூரிட்டி அதன் முதுகைத் தட்டுகிறார். அந்தச் சத்தத்தில், அச்சரப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதன்முதலாக பஸ் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் நடந்தது. பஸ் வேண்டுமானால் முதலில் ரோடு போடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூடி, கோடை முழுக்க மண் சுமந்து நாங்களே போட்டோம். தனியாக இருந்த எல்லம்மாவும் கூடையோடு வந்தாள். "ஆம்பள இல்லாத வூடு, உன்ன கணக்குல சேக்கல. போ" என்று திருப்பி அனுப்பியது என் அப்பாதான்.

பஸ் வந்தது. மாலை போட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, அது திரும்புவதற்கு யாருமே இடம் விடவில்லை.

"மெயின் ரோடு வரிக்கும் பின்னாலயே போவணுமா? நாளிக்கு வர மாட்டேன்" என்றார் டிரைவர்.

எல்லம்மா தன் கொல்லையின் முள்வேலியை இழுத்துப் போட்டாள். உள்ளே வேர்க்கடலை பூத்திருந்தது.

"இங்க திருப்பு நைனா."

"செடி கீதேம்மா!"

"கடலைய அப்பால போட்டுக்கலாம். பஸ்ஸு போனா வராது." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "வூட்டுக்கு ஒரு ஆளு கேட்டியே அண்ணாத்த, என் வூட்டுலேர்ந்து இத வச்சிக்க."

அப்பா பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று "வரட்டும், வரட்டும்" என்றார். ஊரையே அதட்டுகிற அந்தக் குரல் அன்றைக்கு டிரைவருக்கே கேட்கவில்லை.