அலமாரிக்குள் பத்தொன்பது வினாடி

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அந்த அம்மாவுக்கு இருக்கிற காது கடவுளுக்குக்கூடக் கிடையாது. யாருடைய வேண்டுதலாவது சரியாகக் கேட்காமல் போய்விட்டால், கடவுளே மாடியேறி வந்து, "நேத்து நாலாவது தெருவுல ஒருத்தன் என்னமோ கேட்டானே, என்னம்மா அது?" என்று இவளிடம் விசாரித்துக்கொண்டு போகிறார். எறும்பு ஏப்பம் விட்டால், அது என்ன தின்றது என்றே சொல்லிவிடுவாள்.

இப்படியெல்லாம் கட்டடம் முழுக்கப் பரப்பிவிட்டது அவளுடைய மகள். அவளை எல்லோரும் வாலு என்பார்கள். வைத்த பேர் ஒன்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு நேரே பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பதினைந்து வயது. அம்மாவைப் பற்றி அவள் விடுவதில் முக்கால்வாசி புளுகு. மிச்சக் கால்வாசி உண்மை. அதுதான் அவளையே சமயத்தில் வாயடைக்க வைத்தது.

அம்மாவுக்குப் பல் செய்வது வேலை. பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் போகிற மாதிரி அம்மா ஒரு பல்லைச் செய்து அனுப்புவாள். அவள் செய்த பல் யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம். நிறம் பார்க்க அவளுக்கு ஒரு முறை உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் ஐந்து செகண்டுதான் பார்ப்பாள். அதற்குமேல் பார்த்தால் கண் பழகிப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். உடனே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்வாள். பிறகு மறுபடி ஐந்து செகண்டு.

வீட்டுக்கு வந்தால் அதே முறையைக் காதுக்குக் கொண்டுவருவாள்.

எந்த ஊர்க்காரனோ, ஒரு ராக் கிடார்க்காரன். அம்மா அவனை 'நம்ம ஆளு' என்பாள், ஏதோ ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பாட்டில், மற்ற வாத்தியமெல்லாம் சேர்வதற்கு முன்னால், அவன் தனியாகப் பத்தொன்பது வினாடி வாசிக்கிறான். தேனில் கொஞ்சம் மணலைக் கலந்த மாதிரி ஒரு சத்தம். கடைசி சுரத்துக்குச் சற்று முன்னால் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சென்று ஒரு முனகல் முனகும். அதையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தைத் தன் வீட்டுப் பின்னறையில் உண்டாக்க அம்மா பதினொரு வருஷமாக முயன்றுகொண்டிருந்தாள்.

கிடார்ச் சத்தத்தைப் பெருக்குகிற, வால்வு போட்ட பழைய ஆம்ப் ஒன்று துணி அலமாரிக்குள் இருந்தது, கம்பளிகளுக்கு நடுவே. அலமாரிக் கதவு நாலு விரல் திறந்திருக்க வேண்டும்; ஐந்து ஆனால் சத்தம் வெளுத்துவிடும். ஸ்பீக்கரின் நட்ட நடுவுக்கு நேரே மைக் நிற்கக் கூடாது, ஒரு விரல் தள்ளி நிற்க வேண்டும். கம்பிகளை மூன்று வருஷமாக மாற்றவில்லை. புதுக் கம்பி பல்லிளிக்குமாம். கம்பியைத் தட்டுகிற வில்லையை ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருளில் அவளே வார்த்து, பல் ராவுகிற இயந்திரத்தில் ராவிக்கொண்டாள். ஐந்து செகண்டு அந்தப் பாட்டின் சிடியைக் கேட்பாள். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தத்தில் காதைக் கழுவிக்கொள்வாள். பிறகு ஐந்து செகண்டு தான் வாசிப்பாள்.

ஒருமுறை வாலு விளையாட்டாக, அம்மா வேலைக்குப் போன நேரத்தில் ஆம்பிலிருந்த நாலு திருகுகளில் ஒன்றை மயிரிழை திருப்பி வைத்தாள். அம்மா வந்தாள், பையைக்கூட இறக்கவில்லை, ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். மகள் பக்கம் திரும்பாமலே அலமாரிக்குள் கையை விட்டுச் சரியாக அந்தத் திருகைப் பிடித்து, சரியாக அந்த மயிரிழையைத் திருப்பினாள்.

"கை வச்சியா?"

"நானா? சாமி சத்தியமா இல்லம்மா."

"சரி. உன் சாமிகிட்டச் சொல்லு, அடுத்த தடவை கையைக் கழுவிட்டுத் தொடச் சொல்லி. மிக்சர் எண்ணெய் ஒட்டியிருக்கு."

வாலு தன் விரலை மோந்து பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் சரிதான், கிடார் மட்டும் அம்மாவுடையது இல்லை. மாமாவுடையது. அம்மாவின் அண்ணன், கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். முதல் சம்பளத்தில் வாங்கியதைத் தங்கை வீட்டில் போட்டுவிட்டுப் போனவர், பத்தொன்பது வருஷம் கழித்துக் கரையேறி வந்தார். கையில் கிடார் வைக்கிற காலிப் பெட்டி.

"இனிமே வீட்டோடதான். பொழுது போகணுமில்ல? எடுத்துக் குடும்மா."

அம்மா காப்பியை ஆற்றினாள். ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள். வாலுவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, அம்மா அதுல நம்ம ஆளு சத்தத்தை அப்படியே கொண்டுவந்திருக்காங்க. நீங்க எடுத்துட்டுப் போனா அந்தச் சத்தம் அனாதையாயிடும்."

மாமா சிரித்தார். "அடி போடி. அது அவன் கையில இருக்கிற சத்தம். அலமாரியில வருமா? நானும் அந்தப் பாட்டை எத்தனை துறைமுகத்துல கேட்டிருக்கேன்! என் காதை யாரும் ஏமாத்த முடியாது."

அப்போதுதான் அம்மா நிமிர்ந்தாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வா. சிடி ஒரு தடவை, நான் ஒரு தடவை. எது நான்னு நீ சொல்லிட்டா, கிடாரை நானே துடைச்சுப் பெட்டியில வச்சுத் தரேன். சொல்ல முடியலைன்னா அது இங்கேயே இருக்கட்டும்."

"எழுதிக் கொடுக்கட்டுமா?" என்றார் மாமா, அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்க அம்மா பின்னறையைத் தாழ் போட்டுக்கொண்டாள். பரீட்சைக்கு ஏற்பாடு செய்தவளும் அவளேதான். முன்னறையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதன்மேல் ஒரு திருகு. இடப்பக்கம் திருப்பினால் சிடி, வலப்பக்கம் திருப்பினால் பின்னறை மைக். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில்தான் வரும். கதவிடுக்கு வழியாகக் கசிகிற சத்தத்தை வைத்து மாமா கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? அதனால் இரண்டு தடவையும் சிடி ஓடும், இரண்டு தடவையும் அம்மா வாசிப்பாள். எதை ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்பது மட்டும் வாலுவின் கையில். முதலில் எது, பிறகு எது என்பது அவள் இஷ்டம்.

இஷ்டத்தை வாலுவிடம் விட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

அவள் கணக்கில் தேறாதவள்தான். ஆனாலும் இந்தக் கணக்கு அவளுக்குப் பிடிபட்டது: மாமா கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால்கூடப் பாதிக்குப் பாதி சரியாகப் போய்விடும். பதினொரு வருஷத்தை அப்படியா பணயம் வைப்பது? போதாததற்கு அந்த நாற்காலி முனகல் வேறு. 'அது ஒண்ணுதான் நமக்கு வர மாட்டேங்குது' என்று அம்மாவே ஒருநாள் சொல்லியிருந்தாள். ஆகவே வாலு தீர்மானித்துவிட்டாள். இரண்டு தடவையும் சிடி. வித்தியாசம் இருந்தால்தானே பிடிபட? மாமா எதைச் சொன்னாலும், 'அய்யய்யோ, தப்பு மாமா!' என்று சொல்லிவிட வேண்டியது. பொய் சொல்வதில் அவளுக்கு அனுபவம் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொய்யை ஒத்திகை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவுக்குப் பஸ் ஓட்டுகிற டியூட்டி. வீட்டில் மூன்று பேர்தான். மாமா சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வாலு திருகை இடப்பக்கம் திருப்பி, சிடியைத் தட்டிவிட்டு, அம்மா ஆரம்பிக்கச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தேன், மணல். கடைசியில் அந்த முனகல். ஒற்றைச் சுரம் நீண்டு தேய்ந்தது.

திருகைத் திருப்புகிற மாதிரி பாவனை செய்தாள். விரல்தான் நகர்ந்தது, திருகு நகரவில்லை. மறுபடி சிடி, மறுபடி தட்டு.

எத்தனை நூறு தடவை கேட்ட சிடி! ஆனாலும் இந்தத் தடவை அவளுக்கு என்னமோ செய்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு, தப்பிவிடக் கூடாதே என்று வாசிப்பது போல இருந்தது. நாற்காலி முனகல்கூட ஒரு கண்ணிமைப்பு பிந்தி வந்ததாகத் தோன்றியது. சிடியில் ஏது பிந்துவது? திருட்டு வேலை செய்தால் காதும் குழம்பும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாமா கண்ணைத் திறந்தார். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"மருமகளே, ரெண்டுமே சிடிதான்."

வாலு திருகிலிருந்து கையை எடுத்தாள். இப்படி ஒரு பதிலுக்கு அவள் ஒத்திகையே பார்க்கவில்லை.

"மூஞ்சியைப் பாரு மூஞ்சியை! காதெல்லாம் செவந்து போச்சு. அந்த ஆளை நான் முப்பது வருஷமாக் கேக்கறேன்டி. ரெண்டு தடவையும் அவனேதான். உங்கம்மாவை விடவே இல்லை நீ. சொல்லு, ஆமாவா இல்லையா?"

"ஆமா மாமா." குரல் எலி அளவுக்குத்தான் வந்தது. "அம்மாவுக்குத் தெரியாது. சத்தியமா இது என்னோட வேலை. அவங்களைத் தப்பா நினைச்சுக்காதீங்க."

"நினைக்கறதுக்கு என்ன இருக்கு? பந்தயம் முடிஞ்சுபோச்சு." மாமா குனிந்து கிடார்ப் பெட்டியின் கொக்கிகளைத் திறந்தார்.

பின்னறைக் கதவு திறந்தது. தோளில் கிடாரோடு அம்மா வாசலில் நின்றாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். வாலு, சிடியை வெளிய எடு."

எடுத்தாள்.

"அண்ணன் கையில குடு. திருகு எந்தப் பக்கம் இருக்கு?"

"சிடி பக்கம்தான்" என்றாள் வாலு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியே இருக்கட்டும். தொடாத." அம்மா உள்ளே போனாள்.

சிடி மாமாவின் விரலில் மாட்டியிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து வந்தான் நம்ம ஆளு. தேனும் மணலுமாக, பத்தொன்பது வினாடி முழுசாக. கடைசியில் கிரீச்.

மாமா விரலில் இருந்த சிடியைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆள் தூங்குகிற அறைக்குள் நுழைகிறவர்போலச் சத்தமில்லாமல் பின்னறைக்குப் போனார். வாலுவும் பின்னாலேயே போனாள். அம்மா கிடாரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் கட்டைவிரலில் ஒரு நூல் கட்டியிருந்தது. அதன் மறுமுனை பழைய மர ஸ்டூலின் ஆடுகிற காலில் இருந்தது. இழுத்தால் ஸ்டூல் கிரீச்சென்று முனகும்; ஒரு வாரத் தாழ்ப்பாளுக்குக் காரணம் அந்த நூல்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்றார் மாமா. திட்டுகிற வார்த்தைதான், குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருந்தது. "அப்போ நான் கேட்டது... ரெண்டு தடவையும்?"

"நான்தான்."

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை வாசி" என்றார். அது முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். முன்னறையில் அவருடைய பெட்டி காலியாக, வாயைத் திறந்தபடியே கிடந்தது.

வாலு நழுவிப்போய்த் தகரப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் சிடியின் சிவப்பு ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் மைக்கின் கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு. அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"நேத்தே மாத்திட்டேன்" என்றாள் அம்மா. "நீ ஒழுங்கா இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பியிருந்தா இது ஒண்ணுமே பண்ணியிருக்காது. அப்பவும் அதுல ஒண்ணு சிடி, ஒண்ணு நான்தான்."

"நான் திருப்ப மாட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமையிலேருந்து நீ ஒரு பொய்கூடச் சொல்லல. மொத்தத்தையும் நீ ஞாயித்துக்கிழமைக்குச் சேர்த்து வைக்கறேன்னு புரிஞ்சுபோச்சு."

வாலு மூக்கை உறிஞ்சினாள். "தூசிம்மா. பெட்டிக்குப் பின்னாடி ஒரே தூசி."

அம்மா அவள் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சரியாக ஐந்து செகண்டு பார்த்தாள்.

"தூசி இல்ல" என்றாள்.