எட்டாவது ஆள்

இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் எல்ஸ்பெத். பனி உறைந்த மலை வளைவில் வண்டி சறுக்கினாலும் அசராத கை, ஒரு முழம்கூட இல்லாத தகரப் புல்லாங்குழலைத் தொட்டால் தடுமாறியது.

காரணம் ஹெக்டர். புருஷன் மர்டோவின் அண்ணன், பக்கத்து வீடு. ஊர் நடனத்துக்கு அக்கார்டியன் வாசித்தவர் இன்வெர்னஸ் நகரத்துக்குக் குடிபோய்விட்டார். பிள்ளைகளுக்காகப் பேருந்தில் காத்திருக்கும் நேரத்தில் குழலில் நாலு ரீல் நடன மெட்டுப் பழகியிருந்த எல்ஸ்பெத்தை, போன புத்தாண்டு நடனத்துக்கு மேடையேற்றினார்கள். எட்டுப்பேர் ரீலில் முதலில் நாலு பெண்கள், பிறகு நாலு ஆண்கள், ஒவ்வொருவராக வட்டத்துக்கு நடுவே போய் ஆட வேண்டும். ஆளுக்கொரு முழுச் சுற்று மெட்டு. அவளுக்கோ கண்ணை மூடி வாசிக்கிற பழக்கம். கணக்குத் தப்பி, ஏழாவது ஆளோடு முடித்துவிட்டாள். கட்டம்போட்ட கில்ட் பாவாடையைத் தேய்த்து உடுத்தி, எட்டாவதாக நின்ற ஹெக்டர் நடுவில் போகவே இல்லை. மண்டபமே சிரித்தது. அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இன்னொரு தரம் தப்பினால் அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோகும்.

வருடம் முழுக்க எல்ஸ்பெத் சமையலறை மேசையில் எட்டு உருளைக்கிழங்கை அடுக்கி வைத்துப் பழகினாள். ஒரு சுற்று முடிந்தால் மர்டோ ஒன்றை நகர்த்துவான்.

"கண்ணத் தெற. கெழங்கு எழுந்து ஓடிடப் போகுது."

"கெழங்கு பேசாம இருந்தா பயமில்ல மர்டோ. உங்கண்ணன் பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு."

கண்ணைத் திறந்தால் விரல் துளையை விட்டு நழுவும். மூடினால் எண்ணிக்கை நழுவும்.

புத்தாண்டுப் பிற்பகல் வந்தது. மண்டபத்தில் ஹெக்டர் நேராக எட்டாவது இடத்தில் போய் நின்றார். யாரோ சீண்டினார்கள்: "ஹெக்டர், ஒரு நாற்காலி எடுத்துட்டு வரவா?" அவர் கில்ட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

எல்ஸ்பெத் ஊத ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு பெண்களும் ஆடி முடித்தார்கள். ஐந்தாவது ஆள். மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் மூச்சு முட்டியது. கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது நடுவில் ஒரு முதுகு. யாருடையது? ஆறா, ஏழா? எட்டேதானா? ஏழோடு நிறுத்தினால் ஹெக்டரின் ஆட்டம் போச்சு. எட்டுக்கு மேல் ஊதினால் முதல் பெண் மறுபடி உள்ளே வந்து நிற்பாள், அதற்கும் சிரிப்பார்கள்.

அவள் ஹெக்டரைத் தேடினாள். வட்டத்தில் கைகோர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை; அவளையே பார்த்தார். அறுபது வயது மனிதர், உதடு வெளிறியிருந்தது. அவளைப் போலவே அவரும் பயந்துபோயிருந்தார்.

அப்படியானால் அவர் முறை இன்னும் வரவில்லை.

அவர் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் ஊதினாள். விரல் நழுவி ரெண்டு சுரம் கிறீச்சிட்டன. ஊதினாள். ஹெக்டர் நடுவில் போனார், கையை உயர்த்தினார், ஒரு முழுச் சுற்று ஆடினார்.

முடிந்ததும் மூச்சிரைக்க மேடையருகே வந்தார்.

"கோழி கழுத்த நெரிச்ச மாதிரி வாசிக்கிற."

"தெரியும்."

"அடுத்த வருஷமும் நான்தான் எட்டாவது ஆளு" என்றார்.

வீட்டுக்குப் போனதும் எல்ஸ்பெத் எட்டு உருளைக்கிழங்கை மறுபடி மேசையில் அடுக்கினாள்.